லயன் அடுப்படிப் புகையை அளப்பது: மலிவு சென்சாரை எவ்வளவு நம்பலாம்?

குறிஞ்சிக்காற்று (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். ஊவாப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் 20 லயன் வீடுகள் (ஒரே கூரையின்கீழ் வரிசையாக இருக்கும் தொழிலாளர் குடியிருப்பு), எல்லாம் விறகடுப்பு. டிசம்பரில் அடுப்படியின் பிஎம் 2.5 (நுரையீரலுக்குள் போகக்கூடிய மிக நுண்ணிய துணிக்கை) அளவை எடுப்பது, பிறகு புகைபோக்கி வைத்த அடுப்புக் கட்டிக்கொடுப்பது, மே மாதம் திரும்ப அளப்பது. அதோடு பிள்ளைகளின் இருமல், சளி குறைகிறதா என்றும் பார்ப்பது. இளமாணி ஆய்வுதான், பெரிய காசு கிடையாது. சென்சார் எஸ்டிஎஸ் 011, ஆறு. வீட்டுக்கு ஒரு நாள். இது எங்கெங்கே அடிவாங்கும்? தயங்காமல் சொல்லுங்க.

துணிக்கைமானி

நான் சென்சாரை மட்டும் பேசுகிறேன், மற்றதை மற்றவர்கள் பார்ப்பார்கள்.

எஸ்டிஎஸ் 011-இன் தரவுத்தாளைத் திறந்து பாருங்க தம்பி. வேலை செய்யக்கூடிய சாரீரப்பதன் கூடியது 70 வீதம் என்று அதிலேயே போட்டிருக்கு. டிசம்பர் விடியற்காலையில் பண்டாரவளைப் பக்கம் 70-க்குக் கீழே இறங்குமா? இந்த ரகச் சென்சார் எதுவும் துணிக்கையை நிறுப்பதில்லை. லேசர் ஒளி எவ்வளவு சிதறுகிறது என்று பார்த்து, இவ்வளவு சிதறினால் இவ்வளவு எடை என்று கணக்குப் போடுது. ஈரம் கூடினால் துணிக்கை தண்ணீரை இழுத்து ஊதும், ஊதினால் கூடுதலாகச் சிதறும். 80 வீதத்தைத் தாண்டினால் சொல்லவே வேண்டாம். மூடுபனி பெட்டிக்குள் புகுந்தால் பனித்துளியையே தூசி என்று எண்ணிவிடும். நுவரெலியாவில் அடுப்பே எரியாத அடுப்படியில் மூன்று இலக்கம் காட்டினால் மிரள வேண்டாம்.

பெரிய கண்காணிப்பு நிலையங்களில், பீட்டாக் கதிர் முறைக் கருவிகளில், காற்று வரும் குழாயைச் சூடாக்கி ஈரத்தைக் குறைத்த பிறகுதான் நாடாவில் படிய விடுவார்கள். மலிவுப் பெட்டியில் அந்தச் சூடாக்கி இல்லை. விலை வித்தியாசத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

மேல் பக்கமும் இடிக்கும். பச்சை மிலாறை (கவ்வாத்தில் வெட்டிய தேயிலைக் கிளை) பற்றவைக்கும் முதல் பத்து நிமிடத்தில் சின்ன அடுப்படிக்குள் கனமீட்டருக்கு ஆயிரக்கணக்கான மைக்ரோகிராம் போகும். எஸ்டிஎஸ் 011 காட்டக்கூடியது 999.9 வரைதான். எக்செலில் 999.9 வரிசையாக நின்றால் அது அளவல்ல, கூரை. அதை அப்படியே சராசரியில் சேர்த்தால், புகை அதிகமான வீடும் நடுத்தர வீடும் ஒன்றுபோலத் தெரியும். கூரையில் முட்டிய நிமிடங்கள் எத்தனை என்று தனியாக எழுதி வையுங்க.

இன்னொரு மலிவுச் சென்சாரான பிளான்டவர் பிஎம்எஸ் 5003-க்கு மாறலாம் என்றால் ஒரு எச்சரிக்கை. அது ஒரே அளவை இரண்டு நிரலாகத் தரும்: ஒன்று ‘சிஎஃப் 1’, மற்றது ‘வளிமண்டலம்’. குறைந்த செறிவில் இரண்டும் ஒன்று. செறிவு ஏற ஏறப் பிரிந்து, கடைசியில் இரண்டாவது முதலாவதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கில் நிற்கும். எந்த நிரலை எடுத்தீர்கள் என்று எழுதாத அறிக்கையை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. பலர் எழுதுவதில்லை.

கொட்டகலை_மேடு

ஈரப்பதன் திருத்தச் சூத்திரம் ஒன்று இருக்கே, அமெரிக்கச் சூழல் முகவரகம் கொடுத்தது. அதைப் போட்டால் சரியாகிவிடாதா?

துணிக்கைமானி

பிளான்டவர் சென்சார் வைத்த பர்ப்பிள் ஏர் கருவிக்கு அவர்கள் போட்டது இது: 0.524 × சென்சார் அளவு (சிஎஃப் 1) − 0.0862 × சாரீரப்பதன் + 5.75. சென்சார் 40, ஈரப்பதன் 90 என்றால் 20.96 − 7.76 + 5.75, அதாவது சுமார் 19. காட்டியதில் பாதிகூட இல்லை.

ஆனால் அது பிளான்டவருக்கான சூத்திரம், உங்கள் எஸ்டிஎஸ் 011-ஐச் செய்யும் நோவாவுக்கு அல்ல. அமெரிக்க வெளிக்காற்றில் செய்தது, யூகலிப்டஸ் விறகுப் புகையில் அல்ல. காட்டுத்தீப் புகை மாதிரி கடும் செறிவுக்கு அவர்களே வேறு சூத்திரம் வைத்திருக்கிறார்கள். ஆகவே சூத்திரத்தைக் கடன் வாங்க வேண்டாம். நம்ம புகைக்கு நாமே திருத்தம் போட வேண்டும்: சென்சாருக்குப் பக்கத்தில் பம்பும் வடிதாளும் வைத்து, வடிதாளை நுண்தராசில் நிறுத்து, அந்த எடைக்குச் சென்சாரை ஒப்பிடுவது. 20 வீட்டில் ஏழு எட்டில் இதைச் செய்தாலே போதும்.

இன்னொன்று. ஈரப்பதன் சென்சாரைப் பெட்டிக்குள்ளே வைக்காதீங்க. பலகையின் சூட்டில் உள்ளே 5 பாகை கூடினால், வெளியே 18 பாகையில் 90 வீதமாக இருப்பது உள்ளே 66 என்று காட்டும். காற்று உள்ளே வரும் வாயோரம் வையுங்க.

கொட்டகலை_மேடு

சரி. போன் ஆப்பில் ஹட்டன், தலவாக்கலைக்கெல்லாம் எண் வருதே. அதை வெளிக்காற்று அளவாக வைத்துக் கழித்துவிடலாமா?

மேகமூட்டம்

கழிக்காதீங்க. அந்த எண் எங்கிருந்து வருது என்று முதலில் பாருங்க. மத்திய சுற்றாடல் அதிகார சபையின் தானியங்கி நிலையங்கள் பத்தரமுல்லையிலும் கண்டியிலும்தான். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனமும் சில நகரங்களில் அளக்கிறது. மற்ற இடங்களுக்கு ஆப் காட்டுவது பெரும்பாலும் கணினி மாதிரியின் ஊகம், இல்லையென்றால் யாரோ மொட்டைமாடியில் வைத்த ஒரு மலிவுச் சென்சார்.

செய்மதி வழி மதிப்பீடுதான் இப்போது உலக ஆய்வுகளின் முதுகெலும்பு. நிலையம் இல்லாத நாட்டுக்கும் வரைபடத்தின் ஒரு சதுரத்துக்கு ஒரு எண் கிடைத்துவிடும், அதை வைத்து இத்தனை பேர் இறந்தார்கள் என்று கணக்கும் வந்துவிடும். செய்மதி பார்ப்பது தரையிலிருந்து வானம் வரை நிற்கும் காற்றுத்தூணின் மங்கலை. மேகம் மூடினால் அதுவும் தெரியாது. மலைநாட்டில் மேகமில்லாத நாளை எண்ணிப் பாருங்க. அதோடு ஒரு சதுரத்துக்குள்ளேயே 600 மீட்டர் பள்ளத்தாக்கும் 1,500 மீட்டர் மேடும் வரும். இரவில் பள்ளத்தில் குளிர்காற்று தேங்கி மேலே வெதுவெதுப்பான காற்று மூடி போட்டால் (வெப்பநிலை நேர்மாறல்) புகை முழுக்கக் கீழே கிடக்கும், மேட்டு லயத்தில் காற்றுச் சுத்தமாக இருக்கும். கண்டி கிண்ணத்தில் இருப்பதால்தான் வாகனப் புகை பற்றிய பேச்சு அங்கே இவ்வளவு காலமாக ஓடுது.

வெளியிலிருந்து வருவதும் உண்டு. 2022 டிசம்பரில் மண்டூஸ் புயல் நேரம் வடக்கிலிருந்து இழுத்துவந்த மாசால் தீவு முழுக்க மங்கி, 9ஆம் திகதி பள்ளிக்கூடங்களை மூடினார்கள். உங்கள் முதல் அளவும் டிசம்பர்தான். அப்படி ஒரு வாரம் நடுவில் விழுந்தால் 20 வீட்டுக் கணக்கும் போச்சு. ஆறு சென்சாரில் ஒன்றை லயத்துக்கு வெளியே, அடுப்புகளிலிருந்து தள்ளி, நிரந்தரமாக ஓடவிடுங்க. அதுதான் உங்கள் வெளிக்காற்று.

டிசம்பரும் மேயும் என்பதிலேயே கோளாறு இருக்கு. ஊவாவில் டிசம்பர் வடகீழ்ப் பருவமழை. கதவு ஜன்னல் அடைத்துக் கிடக்கும், விறகு நனைந்திருக்கும். மேயில் எல்லாம் திறந்திருக்கும், விறகு காய்ந்திருக்கும். புகைபோக்கியே வைக்காவிட்டாலும் குறைந்ததாகக் காட்டும். பாதி வீட்டுக்கு இப்போது, மீதிப் பாதிக்கு ஆய்வு முடிந்த பிறகு என்று பிரித்து, இரண்டு பாதியையும் ஒரே வாரத்தில் அளந்தால்தான் ஒப்பீடு.

சுவாசநாடி

சென்சார் கதையை விட்டுக் கொஞ்சம் மேலே போகலாம். "புகைபோக்கி வைத்தால் சளி குறையுமா" என்ற கேள்விக்கு உலகம் இருபது வருடமாகப் பதில் தேடுது. வந்த பதில் நாம் எதிர்பார்த்தது அல்ல.

முதலாவது குவாத்தமாலா. ‘ரெஸ்பயர்’ ஆய்வு, முடிவு 2011-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. நம்ம மாதிரியே மேட்டுநிலம், குளிர், விறகு. பாதி வீடுகளுக்குப் புகைபோக்கி அடுப்பு. அடுப்படியில் புகை சுமார் 90 வீதம் விழுந்தது, ஆனால் குழந்தை சுவாசித்தது பாதிதான் குறைந்தது. டொக்டர் உறுதிசெய்த நியூமோனியாவில் தெளிவான வித்தியாசம் இல்லை. இரத்தத்தில் ஒட்சிசன் இறங்கும் கடும் நியூமோனியா மட்டும் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

இரண்டாவது மலாவி, 2017. 10,000 பிள்ளைகளுக்கு மேல். விசிறி வைத்த, சுத்தமாக எரியும் விறகடுப்பு. நியூமோனியாவில் வித்தியாசம் எதுவும் இல்லை.

சரி, விறகையே விட்டுவிடலாம் என்று மூன்றாவது: ‘ஹாப்பின்’. குவாத்தமாலா, பெரு, ருவாண்டா, இந்தியா. இந்தியாவில் நடந்தது தமிழ்நாட்டில். கர்ப்பிணிகள் சுமார் 3,200 பேர். பாதிப் பேருக்கு அடுப்பும் கேஸும் இலவசமாக வீட்டுக்கே போனது. அவர்கள் சுவாசித்த பிஎம் 2.5 ஏறக்குறைய 24 மைக்ரோகிராம், விறகுப் பக்கம் 70. கேஸ் அடுப்பை உண்மையாகவே பயன்படுத்தினார்கள், அதில் குறை சொல்ல முடியாது. ஆனாலும் 2022-இல் வந்த முடிவில் பிறப்பு நிறை வித்தியாசம் சுமார் 20 கிராம்தான், புள்ளிவிபரப்படி எண்ண முடியாதது. 2024-இல் நியூமோனியா முடிவும் அப்படியே.

உங்கள் 20 வீட்டில் ஆறு மாதத்தில் இருமல் குறைந்தது என்று வந்தால் நான் நம்பமாட்டேன். குறையவில்லை என்று வந்தாலும் நம்பமாட்டேன். அந்த எண்ணிக்கைக்கு அதைச் சொல்லும் பலம் கிடையாது.

கொட்டகலை_மேடு

அப்ப புகையால ஒன்னும் ஆகாதுன்னுதானே அர்த்தம்? காலங்காலமா எங்க ஆயா, அம்மாயி எல்லாம் அதே அடுப்பிலதான் ஆக்கினாங்க.

சுவாசநாடி

அந்த முடிவுக்குத் தாவாதீங்க அண்ணே. அந்த ஆய்வுகள் கேட்டது, ஒன்றரை இரண்டு வருடத்துக்குள் குழந்தைக்கு இன்னின்னது மாறுமா என்றுதான். நாற்பது வருடம் அடுப்பு ஊதிய பெண்ணுக்கு நாட்பட்ட மூச்சுத்தடை நோய் வருமா, கண்ணில் புரை விழுமா என்று எந்த அடுப்புச் சோதனையும் கேட்கவில்லை, கேட்கவும் முடியாது. அது நீண்ட காலம் பின்தொடரும் ஆய்வுகளின் வேலை. 1993-இல் ஹார்வர்டின் ஆறு நகர ஆய்வு காட்டியது அந்த வகை: புகைபிடித்தலைக் கழித்த பிறகும் காற்று மோசமான நகரத்தில் சாவு கூட. அதன் பிறகு நுரையீரலைத் தாண்டி மாரடைப்பு, பக்கவாதம், நீரிழிவு, 2020-இல் லான்செட் ஆணைக்குழுப் பட்டியலில் மறதி நோய் வரை வந்துவிட்டது. இன்று காற்று மாசின் சாவுக் கணக்கில் பெரும்பங்கு இதயமும் இரத்தக்குழாயும்.

இன்னொரு விளக்கம், எவ்வளவு புகைக்கு எவ்வளவு பாதிப்பு என்று காட்டும் கோட்டின் வடிவம். அது நேர்கோடு இல்லை. கீழே சடாரென்று ஏறி, மேலே போகப் போகத் தட்டையாகிறது. 400-ஐ 200 ஆக்கினால் கோட்டின் தட்டைப் பகுதியில்தான் நகர்கிறீர்கள், உடம்புக்குப் பெரிதாகத் தெரியாது. 40-ஐ 15 ஆக்கினால் தெரியும். இது பல நாட்டு ஆய்வுகளை ஒட்டிப் போட்ட கோடு, மேல் பகுதியில் தரவு மெலிது என்பதும் உண்மை. உலக சுகாதார ஸ்தாபனம் 2021-இல் பிஎம் 2.5-க்கான வருடச் சராசரியை 10-இலிருந்து 5-க்கும், 24 மணிச் சராசரியை 25-இலிருந்து 15-க்கும் இறக்கியதற்குக் காரணமே குறைந்த செறிவிலும் பாதிப்புத் தெரிந்ததுதான். நம்ம நாட்டு நியமம் 2008-இல் போட்டது: வருடத்துக்கு 25, 24 மணிக்கு 50. அதுவும் வெளிக்காற்றுக்கு.

கவ்வாத்துக்கத்தி

புகைபோக்கி பற்றி ஆள் பேசலையே. அளக்கிறதெல்லாம் சரி, கட்டுறது சரியில்லேன்னா என்னத்த அளந்து என்ன.

நம்ம நாட்டு ‘அணகி’ மண் அடுப்பு இரட்டைப் பானை அடுப்பு, விறகு மிச்சம் பிடிக்கும், ஆனா அதுக்குப் புகைபோக்கி கிடையாது. புகைபோக்கி அடுப்புன்னா தனியாக் கட்டணும். 4 அங்குல நாகத்தகட்டுக் குழாய் போதும். நேரா மேலே போகணும். சுவர் வழியா வளைச்சு விட்டா ஒவ்வொரு வளைவிலும் இழுப்புக் குறையும், கரி அடையும். தகரத்துக்கு மேல, முகட்டை விட 2 அடியாவது உசரம் வேணும். லயத்து முகட்டில காத்து மோதிப் புரண்டு கீழ இறங்கும், குட்டைக் குழாயில அது திருப்பி உள்ளே ஊதும். மழைத்தொப்பிக்கும் குழாய் வாய்க்கும் நடுவுல குழாய் விட்டத்தில பாதிக்குக் குறையாம இடைவெளி விடுங்க. கைமரத்துக்குப் பக்கத்தில குழாய் போனா ஒரு சாண் தள்ளி, நடுவுல தகடு. இல்லேன்னா நெருப்பு.

மிலாறு, சவுக்கு எதுவானாலும் ஈரத்தோட எரிச்சா தார் மாதிரிப் படியும். மாசம் ஒருக்கா கம்பில துணி கட்டி இழுக்கணும். மழைக்காலத்துல அது அடைஞ்சு, அம்மா பானையத் தூக்கினதும் எல்லாப் புகையும் பானை ஓட்டை வழியா வரும். பானை வைக்காத ஓட்டைக்கு மூடி ஒன்னும் குடுங்க, அது இல்லாம எந்த அடுப்பும் சரிப்படாது.

முக்கியமா ஒன்னு. லயத்துல காம்பராவெல்லாம் ஒரே கூரை. ஒருத்தர் வீட்டுக் குழாய் பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு நேரா நிக்கும். புகை போகல, வீடு மாறுது, அவ்வளவுதான்.

மேகமூட்டம்

கடைசியாகச் சொன்னதுதான் ஆய்வு உலகம் சுற்றிச் சுற்றி வந்து நிற்கும் இடம். தனி வீட்டை மாற்றினால் போதாது, லயம் முழுக்க மாற வேண்டும். குறிஞ்சிக்காற்று, வீடு வீடாகக் குலுக்கிப் பிரிக்காமல் லயம் லயமாகப் பிரியுங்க. ஒரே லயத்தில் பாதி வீட்டுக்கு அடுப்புக் கொடுத்தால் இரண்டு பாதியும் ஒன்றின் புகையை ஒன்று சுவாசிக்கும்.

குறிஞ்சிக்காற்று

நல்லா அடிவாங்கியாச்சு, நன்றி. அப்படியானால் இந்தக் காசுக்கும் நேரத்துக்கும் உருப்படியாக எதைச் செய்யலாம்? சென்சாரை எங்கே வைப்பது என்றும் சொல்லுங்க. வழிகாட்டியில் அடுப்பிலிருந்து 1 மீட்டர், தரையிலிருந்து 1.5 மீட்டர், கதவு ஜன்னலிலிருந்து 1.5 மீட்டர் என்று இருக்கு. லயன் அடுப்படியில் அப்படி ஒரு இடமே கிடையாது.

துணிக்கைமானி

கிடைக்காது. முதல் இரண்டையும் பிடியுங்க, மூன்றாவதை விடுங்க, உண்மையான தூரத்தை ஒவ்வொரு வீட்டுக்கும் எழுதி வையுங்க. இரண்டாவது முறை அதே ஆணியில் தொங்க வேண்டும். ஒரு நாளுக்குப் பதில் 48 மணி. செவ்வாய், வெள்ளி ஒரு வீட்டுக்கு விழுந்து மற்றதற்கு விழாமல் போனால் சாம்பிராணிப் புகையையும் அடுப்புக் கணக்கில் எழுதுவீர்கள். வேலைக்குப் போகும் முன் எல்லா சென்சாரையும் ஒரே மேசையில் 24 மணி ஓடவிட்டு ஒன்றோடொன்று ஒப்பிடுங்க, முடிந்த பிறகும் அதே மாதிரி. எண்ணெய்ப் புகை சென்சாருக்குள் இருக்கும் விசிறியில் ஒட்டி அளவு நழுவும், கடைசி ஒப்பீடு இல்லாவிட்டால் அது தெரியவே வராது.

சுவாசநாடி

கேள்வியை மாற்றுங்க. நோயை விடுங்க, சுவாசிக்கும் அளவைக் கேளுங்க: அம்மாவுக்கும் பிள்ளைக்கும் ஒரு நாளில் வரும் புகையில் அடுப்படியின் பங்கு எவ்வளவு? கொழுந்து எடுக்கும் பெண் விடியுமுன் அடுப்பு மூட்டி, பிரட்டுக்கு (காலையில் பேர் பதிந்து வேலை பிரிக்கும் இடம்) போய், பகல் முழுக்க மலையில் இருப்பார். பிள்ளை பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகம்). அடுப்படிச் சென்சாரின் 24 மணிச் சராசரி இருவருக்கும் பொருந்தாது. பிள்ளைக்காம்பராவில் ஒரு சென்சார் வையுங்க. அங்கே பால் காய்ச்ச விறகு எரிந்தால் அதுவும் சேர வேண்டும். ஐந்தாறு அம்மாமாருக்குத் தோள்பட்டையோரம் குழாய் வைத்த சின்னப் பம்ப் கொடுத்தால் இன்னும் நல்லது.

குளிருக்குச் சிரட்டைக்கரியைச் சட்டியில் போட்டு அறைக்குள் வைக்கும் வீடுகளைத் தனியாகக் குறியுங்க. கரியில் கண்ணுக்குத் தெரியும் புகை குறைவு, பிஎம் சென்சார் சும்மா இருக்கும், ஆனால் காபனோரொட்சைட்டு ஏறும். மூடிய அறையில் உயிரையே எடுக்கும். அதற்கு வேறு சென்சார் வேண்டும். அப்படி ஒரு வீட்டைக் கண்டால் ஆய்வு முடியும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே சொல்லிவிட்டு வாருங்க.

ஸ்டோர்_மணி

இடையில் ஒரு வார்த்தை. லயத்துப் புகையைப் பேசுபவர்கள் ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) தூசியை மறந்துவிடுகிறார்கள். தேயிலைத் தூசியால் வரும் இளைப்பைப் பற்றி சி. ஜி. ஊரகொட 1970-இலேயே எழுதியிருக்கிறார், 1980-இல் தேயிலைத் தொழிலாளரின் சுவாச நோய்கள் பற்றி இன்னொன்று. உங்கள் வீடுகளில் யாராவது சலிக்கும் பகுதியில் வேலை என்றால் வினாக்கொத்தில் ஒரு கேள்வி சேருங்க. இருமலுக்கு அடுப்பை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

குறிஞ்சிக்காற்று

சேர்த்தாயிற்று. புதுத் திட்டம் இது: நான்கு லயம், இரண்டில் இப்போது அடுப்பு, இரண்டில் ஆய்வு முடிந்ததும். எல்லாம் ஒரே பருவத்துக்குள், ஜனவரி நடுவிலிருந்து மார்ச் வரை. 48 மணி அளவு. ஒரு சென்சார் வெளியே, ஒன்று பிள்ளைக்காம்பராவில். ஏழு வீட்டில் வடிதாள். நோய்க் கேள்விகள் தகவலுக்கு மட்டும், முடிவுக்கு அல்ல. பம்பைக் கொழும்பு ஆய்வுகூடத்தில் அளவு பார்த்து நிமிடத்துக்கு 1.5 லீற்றர் வைத்துத் தருவார்கள்.

துணிக்கைமானி

கொழும்பில் வைத்த 1.5 தோட்டத்தில் 1.5 ஆக இருக்காது. நுவரெலியா உயரம் 1,868 மீட்டர், அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தின் ஐந்தில் நான்கு பங்குதான். பந்து மிதக்கும் குழாய்மானி அடர்த்தி குறைந்த காற்றில் பிழை காட்டும். உங்கள் தோட்டம் அவ்வளவு உயரம் இல்லாவிட்டாலும் பிழை வரும். சவர்க்காரக் குமிழி மானியைக் கையோடு கொண்டுபோய், ஒவ்வொரு வீட்டிலும் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் அளந்து எழுதுங்க. இரண்டுக்கும் இடையில் 10 வீதத்துக்கு மேல் போனால் அந்த வடிதாளைக் கணக்கில் எடுக்காதீங்க.

1.5 லீற்றரில் 24 மணி என்றால் 2.16 கனமீட்டர். சராசரி 200 மைக்ரோகிராம் உள்ள வீட்டில் வடிதாளில் ஏறுவது 432 மைக்ரோகிராம். வெறும் கையால் தொட்டால் போச்சு. இடுக்கி, மூடிய தட்டு, நிறுக்கும் அறையில் முன்னும் பின்னும் 24 மணி வைத்து ஈரம் சமப்பட்ட பிறகுதான் தராசு. பத்துக்கு ஒரு வெற்று வடிதாளும் தோட்டத்துக்குப் போய்த் திரும்பி வரட்டும், பம்பில் போடாமல். அதில் எடை ஏறியிருந்தால் மற்றதிலெல்லாம் அவ்வளவைக் கழிக்க வேண்டும்.

கவ்வாத்துக்கத்தி

அடுப்புக் கட்டி மூனு கிழமையாவது காய விடுங்க. ஈர மண்ணோட எரிச்சு முதல் அளவை எடுத்தா அது அடுப்பு புகையில்ல, மண்ணு ஆவி.

துணிக்கைமானி

அது சென்சாருக்கும் பொருந்தும் அண்ணே. ஆவியையும் தூசி என்றுதான் எண்ணும்.